திருமலையில சிம்பொனி கேட்ட ஆக்கள் இஞ்ச வாங்கோ

உப்புவெளியான் | சனி, இரவு 11.48

இண்டைக்கு திருகோணமலை டவுனில நடந்த ஓர்கெஸ்ட்ராக் கச்சேரிக்கு வந்த ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களோ? வீட்டை வந்தும் நித்திரை வரேல்ல. கதைக்க ஆள் வேணும்.

வராதவைக்குச் சொல்லுறன். கொழும்பில இருந்து நாற்பது பேரளவில வந்த குழு. பாடசாலை மண்டபம், பிளாஸ்டிக் கதிரை. இடைவேளைக்கு முதல் ஷூபேர்ட்டின்ர ‘முற்றுப்பெறாத’ சிம்பொனி, பிறகு பீத்தோவனின்ர ஐந்தாவது. சிம்பொனி எண்டால் ஓர்கெஸ்ட்ரா பகுதி பகுதியா வாசிக்கிற நீண்ட உருப்படி. ரெண்டும் எனக்குப் போனில கேட்டுக் கேட்டுப் பாடம். ஆனா இண்டைக்குக் கேட்டது வேற சாமான்.

ஷூபேர்ட் தொடங்கேக்க செலோ, டபிள் பேஸ் எண்ட கனத்த குரல் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான், அதுவும் நல்லா அடங்கி. போனில அந்த இடம் கேக்கவே கேக்காது. சத்தத்தைக் கூட்டுவம், கொஞ்சத்தில எல்லாரும் சேர்ந்து அடிக்கக் காது அடைக்கும், திரும்பக் குறைப்பம். மண்டபத்தில அந்தச் சத்தம் காதுக்கு வர முதல் நிலத்தால வந்தது. கதிரைக் காலைப் பிடிச்சிருந்த கையில தெரிஞ்சது. அதுக்கு மேல ஓபோ, கிளாரினெட் எண்ட ரெண்டு ஊதுகுழலும் ஒரே மெட்டை ஒண்டா எடுக்கினம். ரெண்டு வாத்தியம் எண்டு கண் சொல்லுது, காது ஒண்டு எண்டுது.

பீத்தோவனில நான் ட்ரொம்போன் எண்ட பித்தளைக் குழல் ஊதுற மூண்டு பேரையும்தான் பாத்துக்கொண்டிருந்தன். ஷூபேர்ட்டில வாசிச்சவை, இதில மூண்டு பகுதி முடியும்வரைக்கும் வாத்தியத்தை மடியில வச்சுக்கொண்டு சும்மா இருக்கினம். மூண்டாம் பகுதி முடிவில டிம்பனி முரசு மட்டும் அடங்கின குரலில தட்டிக்கொண்டே நிக்கும், வயலின் மேல மேல ஏறும். அந்த நேரம் மூண்டு பேரும் ஒண்டா நிமிர்ந்து வாத்தியத்தை வாயில வச்சவை. இன்னும் ஒரு ஸ்வரமும் ஊதேல்ல, எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிட்டுது. பிறகு இடைவெளியே இல்லாமல் நாலாம் பகுதி திறந்தது பாருங்கோ. போனில இதைக் கேக்கலாம், ஆனா வருகுது வருகுது எண்டு காத்துக்கொண்டிருக்கேலாது.

நீங்கள் எங்க இருந்தனீங்கள், என்ன கேட்டனீங்கள் எண்டு எழுதுங்கோ. அடுத்த முறை எண்டு ஒண்டு வந்தால் என்ன மாத்தவேணும் எண்டும் சொல்லுங்கோ.

பாலத்தடி | ஞாயிறு, காலை 6.20

நாங்க மூணு பேர் கிண்ணியாவில இருந்து வந்த. பின் வரிசை. எனக்கு இந்த இசையில ஒண்டும் தெரியாது, கூட்டாளி கூப்பிட்டான், வந்த. வில்லெல்லாம் ஒண்டா மேல போய் ஒண்டா கீழ வந்ததப் பாத்துத்தான் முதல்ல வாய் பொளந்து இருந்த. அது ஆர் சொல்லிச் செய்யிற?

ஒரு குறை இருக்கி. நிகழ்ச்சி முடிய நேரமாகி பஸ் இல்ல. ஆட்டோக்குக் குடுத்த காசு டிக்கட்ட விடக் கூட. அடுத்த முறை ஐஞ்சு மணிக்கே தொடங்கச் சொல்லுங்க.

பொக்ஸ்காரன் | ஞாயிறு, காலை 8.05

தம்பி பாலத்தடி, வில்லு மேலயா கீழயா எண்டதை அந்தப் பிரிவின்ர தலைமைக்காரர் ஒத்திகைக்கு முதலே தீர்மானிச்சு எல்லாற்ற தாளிலயும் பென்சிலால குறிச்சிருப்பினம். ஒரு தாளுக்கு ரெண்டு பேர். பக்கம் முடியேக்க உள்பக்கம் இருக்கிறவர் வாசிக்கிறதை விட்டிட்டுத் திருப்புவார், வெளிப்பக்கத்தவர் விடாமல் வாசிப்பார். நேற்று அதையும் பாத்திருப்பீங்கள்.

நான் இந்த ஊரில கலியாண வீடு, கோயில், கூட்டம் எண்டு சவுண்ட் போடுறவன். நேற்று மைக்கும் என்ர, பொக்ஸும் என்ர. முதல்ல குழுவுக்கு மேல ரெண்டு மைக் தொங்கவிடச் சொன்னவை. பின்னேரம் போட்டுப் பாக்கேக்க கூவத் தொடங்கிட்டுது. குழுவைக் கையசைச்சு நடத்துற கொண்டக்டர் வந்து மரியாதையாச் சொன்னார், அறிவிப்புக்கு ஒண்டை விட்டிட்டு மற்றதையெல்லாம் நிப்பாட்டுங்கோ எண்டு. கடைசிக் கதிரைக்குக் கேக்காது எண்டு ஏற்பாட்டாளர் பயந்தவை. பாலத்தடி பின் வரிசையில இருந்தவர், அவரே சொல்லட்டும்.

மைக் இல்லாதது ஏன் நல்லது எண்டு தொழில்காரனாச் சொல்லுறன். முதல் வயலின் எங்கட இடப்பக்கம். செலோ வலப்பக்கம். ஹோர்ன் எண்ட வளைஞ்ச பித்தளை வாத்தியம் பின்னால, அதின்ர வாய் பின்பக்கம் பாத்தபடி, அதால சத்தம் சுவரில பட்டுத்தான் எங்களிட்ட வரும். ஒவ்வொரு சத்தமும் தன்ர இடத்தில இருந்து வருகுது. எங்களுக்கு ரெண்டு காது இருக்கிறது அதைப் பிரிச்சறியத்தான். நாற்பது வாத்தியத்தையும் என்ர மிக்சருக்குள்ள போட்டு ரெண்டு பொக்ஸால விட்டால் நாற்பது பேரும் அந்த ரெண்டு பெட்டிக்குள்ள போய் இருந்திடுவினம். அதோட, அடங்கின சத்தத்தை நாங்கள் கூட்டுவம், பெரிய சத்தத்தைக் குறைப்பம். அப்ப ஷூபேர்ட் தொடக்கமும் பீத்தோவன் முடிவும் ஒரே உயரத்தில நிக்கும்.

மண்டபமும் எதிர்பாத்ததை விட உதவிச்சுது. சீமெந்துச் சுவர், மேல தகரம். வெறுமையா இருக்கேக்க கையைத் தட்டினால் சத்தம் சுத்திக்கொண்டே நிக்கும். ஆக்கள் நிறைஞ்ச உடனே உடம்பும் உடுப்பும் அதைக் குடிச்சிட்டுது. வியன்னாவில பேர்போன முசிக்ஃபெரைன் மண்டபத்தில ஆக்கள் நிறைஞ்சிருக்கேக்க ஒரு சத்தம் அடங்க ரெண்டு செக்கனளவில எடுக்கும். பேச்சுக்கு அது கூட, இந்த இசைக்கு அளவு. எங்கட மண்டபம் அந்தத் தரமில்ல, ஆனா நேற்று பேச்சை விட இசைக்குத்தான் நல்லா இருந்தது.

பாலத்தடி | ஞாயிறு, காலை 8.31

கேட்ட அண்ண. ஓபோ தனிய வாசிச்ச இடம் கூடக் கேட்ட. எல்லாரும் டப்பெண்டு நிப்பாட்ட அந்த ஒரு ஆள் மட்டும் மெதுவா வாசிச்சார், அதுதான் ஓபோ எண்டா.

சீவாளி | ஞாயிறு, முற்பகல் 10.12

அதேதான் தம்பி. முதல் பகுதியில, அவ்வளவு வேகத்துக்கு நடுவில, ஓபோ தனிய கொஞ்ச ஸ்வரம் இழுத்து வாசிக்கும். பிறகு திரும்ப எல்லாரும் பாய்வினம். எனக்கு முழு இரவிலயும் அதுதான்.

எங்கட குடும்பம் நாதஸ்வரம். நான் ஓபோக்காரருக்கு நேர் எதிர்ல போய் இருந்தனான், காரணத்தோடதான். அவற்ற காலடியில சின்னக் குப்பி ஒண்டு, தண்ணி. வாசிக்காத நேரம் சீவாளியை, வாயில வச்சு ஊதுற அந்த நாக்கை, அதில நனைச்சு, உதட்டில வச்சுப் பாத்து, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்து, திரும்ப வாத்தியத்தில செருகிறார். அப்பா செய்யிற அதே வேலை. எங்கடது நாதஸ்வரத்திலயே நூலில தொங்கும், குத்தூசியோட சேர்த்து. அவையின்ரது சின்னப் பெட்டிக்குள்ள வரிசையா அடுக்கி இருக்குது. ரெண்டும் ரெட்டை நாக்கு, நாணல் வகைத் தட்டையில செய்யிறது. எங்கட சீவாளி அகலம், அவையின்ரது ஒடுக்கம், அதால அந்தக் குரல் அவ்வளவு ஒடுங்கி வருகுது.

தொடக்கத்தில எல்லாரும் சுருதி சேர்த்தது ஓபோவுக்குத்தான். செக்கனுக்கு 440 அதிர்வு எண்டு பொதுவாச் சொல்லுவினம். ஆனா நேற்றைய வெக்கையில அது நிண்டிருக்காது. தாள் பறக்குது, சத்தம் வருகுது எண்டு மின்விசிறியையும் நிப்பாட்டிட்டினம். ஊதுற வாத்தியத்துக்குள்ள காத்து சூடானால் சுருதி ஏறும். தந்தி சூட்டில தளரும், சுருதி இறங்கும். ஒண்டு மேல, ஒண்டு கீழ. பகுதிக்குப் பகுதி நிப்பாட்டி வயலின்காரர் முறுக்கினதை நிறையப் பேர் நேரத்தை வீணாக்கிறது எண்டு நினைச்சிருப்பினம். டிம்பனிக்காரர் மற்றவை வாசிக்கேக்கயே காதைத் தோலுக்குக் கிட்டக் குடுத்து, ஒரு விரலால தட்டித் தட்டிச் சுருதி பாத்தார். தவிலுக்கு வார் பிடிக்கிற வீட்டில வளந்த எனக்கு அது கண்கொள்ளாக் காட்சி.

மூன்றாம்கட்டை | ஞாயிறு, மதியம் 12.40

எனக்கு ஒரு கேள்வி. முதல் பகுதி முடிய நானும் இன்னும் கொஞ்சப் பேரும் கை தட்டினம். முன்னால இருந்த ஒருவர் திரும்பி முறைச்சு ‘உஸ்ஸ்’ எண்டார். பக்கத்தில இருந்த பிள்ளை அதுக்குப் பிறகு அசையப் பயந்து இருந்தது. அப்பிடி என்ன குற்றம் செய்திட்டம்?

டொரொண்டோ திருமலை | ஞாயிறு, மாலை 3.15

டொரொண்டோவில இருந்து லீவில வந்து நிக்கிறன், நேற்று நானும் வந்தனான். குற்றமே இல்லை அண்ணை. 1778இல பாரிசில தன்ர சிம்பொனி போகேக்க, ஒரு பகுதி நடந்துகொண்டிருக்கும்போதே சனம் கை தட்டினதை மொசார்ட் சந்தோசமாத் தகப்பனுக்குக் கடிதம் எழுதினவர். அந்த இடம் சனத்துக்குப் பிடிக்கும் எண்டு தெரிஞ்சே எழுதினவராம். 1813இல பீத்தோவனின்ர ஏழாவது முதல்முதல் போகேக்க ரெண்டாம் பகுதியைச் சனம் திரும்ப வாசிக்க வச்சது. இடையில மூச்சுவிடாமல் இருக்கிற வழக்கம் பிறகு வந்தது. அங்க இப்ப அதுதான் வழக்கம், சரி. ஆனா அந்த வழக்கத்துக்காக ஒரு பிள்ளையைப் பயப்படுத்தக்கூடாது.

நான் அங்க போற ரோய் தொம்சன் மண்டபத்தில 2,600க்கு மேல இருக்கை. என்ர காசுக்குக் கிடைக்கிறது மேல் மாடம். குழு அருமை, ஆனா முகம் தெரியாது. நேற்று ஹோர்ன்காரர் வாத்தியத்தைக் கவிழ்த்து உள்ளுக்க சேர்ந்த தண்ணியை வெளியால விட்டதைப் பாத்தன். பஸூன்காரர் தனி வாசிப்பு முடிஞ்ச உடனே பக்கத்தில இருந்தவர் காலால மெல்ல நிலத்தைத் தட்டிப் பாராட்டினதைப் பாத்தன். சின்ன ஊரில கேக்கிறவைக்குக் கிடைக்கிற இந்தக் கிட்டத்தைப் பெரிய ஊர்க்காரர் காசு குடுத்தும் வாங்கேலாது.

ஹோர்ன் ரெண்டு இடத்தில சறுக்கினது எண்டு வெளியால ஆக்கள் கதைச்சதும் கேட்டுது. அந்த வாத்தியத்தை நேராக்கினால் 12 அடியளவு வரும் குழாய். மேல்ஸ்தாயியில ஸ்வரங்கள் ஒண்டுக்கொண்டு நெருக்கம், உதடு கொஞ்சம் மாறினாலும் பக்கத்து ஸ்வரத்தில விழும். உலகத்துப் பெரிய குழுக்களிலயும் இது நடக்கும். 1808 டிசம்பர் 22, வியன்னாவில இந்த ஐந்தாவது முதல்முதல் வாசிச்ச இரவு, ஒத்திகை போதாமல், நாலு மணித்தியாலக் கச்சேரி, மண்டபத்தில குளிர். அண்டைக்குக் கடைசியா வந்த உருப்படியை இடையில நிப்பாட்டித் திரும்பத் தொடங்கவேண்டி வந்தது. அவைக்குக் குளிர், எங்களுக்கு வெக்கை.

நிலாவெளி அம்மா | ஞாயிறு, மாலை 5.02

பயந்த பிள்ளை என்ர மகளா இருக்கக்கூடும். ஏழு வயசு. ஆனா வீட்டை வந்து டபிள் பேஸ் எவ்வளவு உயரம் எண்டு சுவரில கையை வச்சுக் காட்டிக்கொண்டு நிண்டவள். பிள்ளையளோட வாறவைக்கு ஒரு சொல். நடுவில இருக்காதேங்கோ. ஓரக் கதிரை, கதவுப் பக்கம், ஆனா முன்னுக்கு. பின்னால இருந்தால் பிள்ளைக்கு ஆக்களின்ர முதுகுதான் தெரியும், சலிச்சுப்போகும். ஒரு பகுதி முடிய எழும்பிப் போகலாம். ஷூபேர்ட்டின்ரது ரெண்டே பகுதி, அரை மணித்தியாலத்துக்குள்ள முடியும். முதல்தரம் வாற பிள்ளைக்கு அவ்வளவும் போதும்.

கோட்டைவாசல் | ஞாயிறு, இரவு 7.30

எல்லாரும் புகழுறீங்கள். வந்த பிள்ளையள் நல்லா வாசிச்சவை, அதில எனக்குப் பேச்சில்லை. ஆனா ஒண்டு கேக்கிறன். போர்த்துக்கேயர் கோயிலை இடிச்ச கல்லால கோட்டை கட்டின ஊர் இது. அவைக்குப் பிறகு வந்தவையின்ர பாண்டும் பியானோவும் எங்கட பள்ளிக்கூடங்களில ஏறி உக்காந்திட்டுது. எங்கட நாதஸ்வரக்காரர் கோயில் வீதியில வாசிக்க நிண்டு கேக்கிறது பத்துப் பேர். மற்றவை போனில கதைச்சுக்கொண்டு போகினம். நேற்று மட்டும் எல்லாரும் வாய் மூடிக் கேட்டவை. அந்த மரியாதை எங்கட ஆக்களுக்கு ஏன் கிடைக்கேல்ல? மண்டபம், விளம்பரம், காசு எல்லாம் ஏன் அவைக்கு மட்டும்?

தம்புரா | ஞாயிறு, இரவு 9.10

கோட்டைவாசல் தம்பியின் ஆதங்கம் எனக்கும் உண்டு. கர்நாடக சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். நேற்று மூன்றாம் வரிசையில் இருந்தேன். ஆனால் ‘அவர்களது, எங்களது’ என்ற கோடு அவ்வளவு நேராக இல்லை.

நான் கையில் எடுத்த முதல் வாத்தியம் வயலின். அதை நம் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர். தீட்சிதரோ ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் செய்து, சங்கராபரண ராகத்தில் நோட்டுஸ்வரங்களாகத் தந்தார். அந்நிய மெட்டு என்று அவர் காதைப் பொத்தவில்லை. தன் தெய்வத்தை அதில் பாடினார். வயலினை நாம் மடியில் சாய்த்து, ஸ ப ஸ ப என்று சுருதி சேர்த்து, ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்குப் பழக்கினோம். இன்று அது இல்லாமல் ஒரு கச்சேரி உண்டா?

தந்தி வாத்தியம் திருகோணமலைக்கு அந்நியமும் அல்ல. தன் நரம்பையே தந்தியாக்கிப் பாடிய இராவணனின் பெயரால் ஒரு பாறை வெட்டு இந்த ஊர்ச் சுவாமி மலையில் இருக்கிறது. யாழ்நூல் செய்த விபுலானந்த அடிகள் இந்த ஊர் இந்துக் கல்லூரியை நடத்தியவர். பழந்தமிழரின் நரம்புக் கருவிகளை இசையறிவோடு கணக்கறிவும் சேர்த்து ஆராய்ந்த நூல் அது, 1947இல் வந்தது. பல வாத்தியம் சேர்ந்து இசைப்பதும் நமக்குத் தெரிந்ததே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழ் நிற்கிறது, யாழின் வழியே தண்ணுமை, அதன் பின்னே முழவு, பிறகு எல்லாம் கூடுகின்றன. நேற்று நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் காதுக்கு வழி தேடுபவர்களுக்கு இரண்டு குறிப்பு. ஐந்தாவது சிம்பொனியின் அந்தப் பெயர்பெற்ற நாலு ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு சிறு மௌனம் எழுதப்பட்டிருக்கிறது. கொண்டக்டரின் கை விழுந்த பிறகுதான் ஒலி பிறக்கும். தாளம் தொடங்கிய பின் பாட்டை எடுக்கும் நமது அனாகத எடுப்பு அறிந்தவர்கள் அந்த இடத்தில் உடனே நிமிர்வார்கள். அடுத்தது, தொடக்கத்தின் சுருதிக்கோவை நமது நடபைரவிக்கும் கீரவாணிக்கும் பக்கத்தில் நிற்பது. நாலாம் பகுதி சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் திறக்கிறது. ராகமாக அதை விரிக்கவில்லை, ஸ்வரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். தம்புரா போல் ஓரிடத்தில் நிற்கும் சுருதியும் இல்லை, ஆதாரமே இடம் மாறிக்கொண்டிருக்கும். அதனால் நமக்கு முதலில் கால் தரிக்காது. செலோவையும் பேஸையும் பிடித்துக்கொண்டு கேளுங்கள், வழி தெரியும்.

கை தட்டுவது பற்றி ஒரு சிறு மாற்றுக் கருத்து. தட்டுவது குற்றமில்லை. ஆனால் ஷூபேர்ட் முடிந்த பிறகு வந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று மனம் ஏங்கியது. 1822இல் எழுதியது, அவர் இறந்து பல ஆண்டு கழித்து 1865இல்தான் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அவர் காதால் கேட்காத இசை. கடைசி ஸ்வரம் முழுதாக அடங்கும்வரை விடலாம்.

கோட்டைவாசல் | ஞாயிறு, இரவு 9.44

ரீச்சர், நீங்கள் சொன்ன வயலின் கதையை ஏற்கிறன். ஆனா என்ர கேள்விக்கு அது பதிலில்லை. நான் கேட்டது நாதஸ்வரக்காரருக்குக் கிடைக்காத அமைதி பற்றி.

பொக்ஸ்காரன் | ஞாயிறு, இரவு 10.20

அதுக்கு நான் பதில் சொல்லுறன், ஏனெண்டால் பொறுப்பில பாதி என்ர தொழிலுக்கு. கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வரத்துக்கு ஒரு மைக், தவிலுக்கு ரெண்டு, வீதி முழுக்கக் குழாய் கட்டச் சொல்லுவினம். சந்திக்குச் சந்தி அதே சத்தம் வந்தால் சனம் ஏன் வாத்தியத்துக்குக் கிட்டப் போகும்? போனில கத்திக் கதைச்சாலும் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. நேற்று ஏன் எல்லாரும் வாய் மூடினவை? வாய் திறந்தால் கேக்காது எண்டதால.

சீவாளி | ஞாயிறு, இரவு 10.52

அண்ணை, இதைத்தான் அப்பா வருசம் வருசமாச் சொல்லுறவர். நாதஸ்வரம் திறந்த வெளிக்கெண்டே பிறந்த வாத்தியம், சாமி வீதி சுத்தி வரேக்க நாலு வீதிக்கும் கேக்கவேணும் எண்டு செய்தது. வயலின் கூட்டம் மூடின மண்டபத்துக்குப் பிறந்தது. மண்டபத்தில வயலினுக்கே மைக் தேவைப்படேல்ல எண்டால் வீதியில எங்களுக்கு எதுக்கு? மைக்குக்கு வாசிச்சால் சீவாளியை ஒரே மாதிரித்தான் ஊதலாம். மெல்லிசா ஒரு பிடி பிடிச்சால் குழாயில கரகரக்கும். அப்பா தோடி வாசிக்கேக்க கீழ் ஷட்ஜத்தில ஊதுற அந்த அடங்கின சத்தம் வீட்டில எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கோட்டைவாசல் | ஞாயிறு, இரவு 11.05

அதைக் கேக்க நான் வாறன். எங்க, எப்ப எண்டு சொல்லுங்கோ.

பொக்ஸ்காரன் | ஞாயிறு, இரவு 11.18

வாற வெள்ளி எங்கட வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கோயிலில பின்னேரப் பூசை. திருவிழா இல்லை, அதால நிர்வாகம் மறுக்காது, நான் கதைக்கிறன். மைக் பூட்டமாட்டன். ஐயர் மந்திரத்துக்கு ஒண்டு கேட்டால் அதை மட்டும் வச்சு, வாசிப்பு நேரம் நிப்பாட்டி விடுறன். உள்வீதியில பாய் போடுவம். சீவாளி, அப்பாவிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ.

உப்புவெளியான் | ஞாயிறு, இரவு 11.26

நானும் வாறன். டொரொண்டோ அண்ணை, நீங்கள் வெள்ளி நிப்பீங்களோ? நிலாவெளி அம்மா, மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, தவிலுக்குப் பக்கத்தில இடம் பிடிச்சு வைக்கிறன்.

சீவாளி | திங்கள், காலை 6.47

அப்பா ஓம் எண்டிட்டார். ஆறு மணிக்குத் தொடங்கிறார், ஏழரைக்கு முடிப்பார். தம்பி பாலத்தடி, பஸ் இருக்கும், பயப்படாமல் வாங்கோ.